நம் கடையில் வேலை செய்பவருக்கு நோய் வந்தால் செலவு யாருடையது?

(நம் அறக்கட்டளை சார்பில் உத்திரமேரூரில் நடந்த சிறு வியாபாரிகள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும் இறுதியில் தரப்பட்டுள்ளன.)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, வியாபாரப் பெருமக்களே, திரைக்கு அப்பால் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

நான் ஆலிம் அல்ல. கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். அதனால் பயான் செய்ய வரவில்லை. கூட்டல், பெருக்கல் தெரிந்த யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். கணக்கு சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூரிலும் சுற்றுவட்டார கிராமங்களிலும் நம்மவர்கள் நடத்தும் தொழில்களை எண்ணிப் பாருங்கள். மளிகை, ஜவுளி, பிரியாணிக் கடை, இறைச்சிக் கடை, பேக்கரி, பழைய இரும்பு, டூவீலர் பட்டறை, வெல்டிங், தையல். பெரும்பாலும் மூன்று பேர், ஐந்து பேர், மிஞ்சினால் எட்டுப் பேர் வேலை செய்யும் இடங்கள். இந்தக் கடைகளில் ஒருவர் படுத்துவிட்டால் இப்போது என்ன நடக்கிறது?

முதலில் முதலாளியிடம் அட்வான்ஸ். நாற்பதாயிரம் வாங்குவார். மாதம் இரண்டாயிரம் பிடித்தால் இருபது மாதம். அந்த இருபது மாதமும் அவர் குடும்பம் அரைச் சம்பளத்தில் ஓடுவதுபோல் ஓடும். அதற்குள் வேறு செலவு வந்தால் கடன் இன்னும் ஏறும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் முதலாளிக்கு நஷ்டம். போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் இருந்தால் அவருக்கு நஷ்டம்.

அட்வான்ஸ் போதாவிட்டால் வீட்டுப் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போகும். அங்கே வட்டி. வட்டி நமக்கு ஹராம் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னால் எத்தனை குடும்பங்கள் அந்தப் படியை ஏறுகின்றன என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அதுவும் போதாவிட்டால் ஜும்ஆவுக்குப் பிறகு துண்டை விரித்து வசூல். நம் மக்கள் தாராளமாகப் போடுகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. ஆனால் ஆறு நாள் வேலை செய்த மனிதர் ஏழாம் நாள் கையேந்தி நிற்கவேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்க வழியிருந்தும் தவிர்க்காமல் இருப்பது சரியா என்பதுதான் என் கேள்வி.

நம் வீட்டுப் பிள்ளைகள் துபாயில் கடையில் வேலை செய்கிறார்கள். அங்கே 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியருக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்கான பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. பிள்ளை விசா வாங்கும்போதே கார்டு இருக்கிறதா என்று நாம் விசாரிக்கிறோம். அதே வேலையை நம் கடையில் செய்யும் பையனுடைய தாய் அதே கேள்வியை நம்மிடம் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

இலவசத் திட்டம் யாருக்குக் கிடைக்காது?

"முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே, பாய்" என்பார்கள். இருக்கிறது, நல்ல திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது.

ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். இதை மாதக் கணக்காக மாற்றிப் பாருங்கள். மாதம் 10,000. உங்கள் கடையில் 12,000 வாங்குபவருக்கு ஆண்டு வருமானம் 1,44,000. மனைவியும் தையல் வேலையில் நாலு காசு பார்த்தால் இன்னும் மேலே. அவர் இந்தத் திட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

மாதம் 10,000-க்குக் கீழே இருப்பவருக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனியில் வேலை செய்பவருக்குக் கம்பெனி பார்க்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு இ.எஸ்.ஐ. அல்லது கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், சிறு கடையில் 11,000, 12,000, 15,000 சம்பளம் வாங்குபவருக்குத்தான் எதுவும் இல்லை. அவரை வேலைக்கு வைத்திருப்பவர்கள் நாம்.

முதல் வேலை, தகுதியுள்ளவர் ஒருவரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது. ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியவேண்டும். அதற்குக் காஞ்சிபுரம் போய்வர ஒரு நாள் கூலி போகும். அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு லீவாகக் கொடுங்கள். முதலாளி கொடுக்கக்கூடிய மிக மலிவான மருத்துவ உதவி அதுதான்.

இ.எஸ்.ஐ. கணக்கு

நடுவில் நிற்பவருக்கு என்றே நாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு. 1948-ல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரில் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்கு இது கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள்.

"எங்களிடம் பத்துப் பேர் இல்லை, அதனால் இது எங்களுக்கு இல்லை" என்றுதான் இதுவரை சொல்லிவந்தோம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடமும், முதலாளியும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோரும் ஒப்புக்கொண்டால், விருப்பத்தின் பேரில் இ.எஸ்.ஐ.யில் சேர விண்ணப்பிக்கலாம்.

என்ன செலவாகும்? 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அதற்கு முன் முதலாளி 4.75, தொழிலாளி 1.75 கட்டிக்கொண்டிருந்தார்கள். குறைத்துவிட்டார்கள்.

ஆறு பேர் வேலை செய்யும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 12,000 சம்பளம்.

ஒருவருக்கு முதலாளி கட்டவேண்டியது மாதம் 390 ரூபாய். தொழிலாளி கட்டுவது 90 ரூபாய்.

ஆறு பேருக்கும் சேர்த்து முதலாளிக்கு மாதம் 2,340 ரூபாய். ஆண்டுக்கு 28,080 ரூபாய்.

ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 13 ரூபாய் என்று வருகிறது. நம் கடையில் அவருக்கு வாங்கிக் கொடுக்கும் டீச் செலவு அளவுதான். அட்வான்ஸ் நோட்டைப் புரட்டி, கடந்த மூன்று ஆண்டில் ஆஸ்பத்திரிக்கென்று கொடுத்து திரும்ப வராத தொகையைக் கூட்டிப் பாருங்கள். பிறகு இந்த 28,080-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு என்ன கிடைக்கும்? தொழிலாளிக்கும் மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம். இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. ஏற்கனவே சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் தள்ளமாட்டார்கள். வயதான அத்தாவுக்கும் அம்மாவுக்கும் வெளியில் பாலிசி கேட்டால் என்ன பிரீமியம் சொல்வார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

அதோடு, நோயால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதற்கு முந்தைய ஆறு மாதக் கட்டண காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்கவேண்டும். பெண் ஊழியருக்குப் பிரசவ காலத்தில் 26 வாரம் முழுச் சம்பளம். இறந்தால் அடக்கச் செலவுக்கு 15,000 ரூபாய். தனியார் மருத்துவப் பாலிசி ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்கும். வீட்டில் உலை வைக்க அரிசியை அது பார்க்காது. இ.எஸ்.ஐ. இரண்டையும் பார்க்கிறது.

குறையையும் சொல்லவேண்டும். இ.எஸ்.ஐ. பெரிய ஆஸ்பத்திரிகள் சென்னை கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் இருக்கின்றன. நமக்கு அது தூரம். டிஸ்பென்சரியில் வரிசை இருக்கும். பெரிய சிகிச்சைக்கு அவர்கள் பரிந்துரைக் கடிதம் கொடுத்தால்தான் வெளி ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். அவசரத்துக்கு நேராகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பிறகு பில்லைக் கொடுத்துப் பணம் வாங்குவது எளிதான வேலை அல்ல. எனவே சேரும் முன் உங்களுக்கு எந்த டிஸ்பென்சரி ஒதுக்கப்படும், எந்தெந்த ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைக் கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தொழிலாளி சம்பளத்தில் பிடித்த 90 ரூபாய் நம் பணம் அல்ல, அமானிதம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் அபராதமும் சேரும். பத்துப் பேருக்கு மேல் வைத்துக்கொண்டு ஏழு பேர் என்று எழுதுபவர்களுக்கும் சொல்கிறேன். பதியாத தொழிலாளிக்கு விபத்து நடந்தால் கார்ப்பரேஷன் அவருக்குக் கொடுத்த பலனின் மதிப்பை உங்களிடமிருந்து வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வேலையில் விபத்து: யாரும் போடாத கணக்கு

இங்கே வெல்டிங் பட்டறை, லாரி, கட்டட வேலை, இயந்திர வேலை வைத்திருப்பவர்கள் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். இ.எஸ்.ஐ.யில் இல்லாத இடத்தில் வேலையின்போது விபத்து நடந்தால் இழப்பீடு கொடுப்பது முதலாளியின் சொந்தப் பொறுப்பு. 1923-லேயே வந்த சட்டம். புதிய தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது.

தொகை எவ்வளவு? இறந்தவர் சம்பளத்தில் பாதியை, அவர் வயதுக்கு அட்டவணையில் கொடுத்திருக்கும் எண்ணால் பெருக்கவேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. 12,000 சம்பளத்தில் பாதி 6,000. பெருக்கினால் 12,47,880 ரூபாய். பன்னிரண்டரை லட்சம். ஒரு சிறு பட்டறையை விற்றாலும் அந்தத் தொகை வருமா?

இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த இடமாக இருந்தால் அந்தப் பொறுப்பை இ.எஸ்.ஐ. ஏற்றுக்கொள்கிறது. இறந்தவர் சம்பளத்தில் 90 சதவீதத்தைக் குடும்பத்தாருக்கு மாதா மாதம் பிரித்துக் கொடுக்கிறது. சேராவிட்டால், இந்தப் பொறுப்புக்கென்றே பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் தரும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியை எடுத்துவையுங்கள். மருத்துவப் பாலிசி வேறு, இது வேறு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றது இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

தனியார் பாலிசி: ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியவை

இ.எஸ்.ஐ. தூரம், பக்கத்து ஊர்த் தனியார் ஆஸ்பத்திரியிலேயே பார்க்கவேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஊழியர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழுப் பாலிசி. அல்லது ஆளுக்கு ஆள் தனிப் பாலிசி.

குழுப் பாலிசிக்குப் பல கம்பெனிகள் குறைந்தது ஏழு பேராவது வேண்டும் என்கின்றன. இதன் பெரிய நன்மை, ஏற்கனவே உள்ள நோய்க்குப் பொதுவாக முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும்படி எடுக்கலாம். குறை, வேலையை விட்டால் பாலிசியும் போய்விடும். இன்னொன்று வரி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முதலாளி எடுக்கும் குழுப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆளுக்கு 6,000 ரூபாய் என்று கொட்டேஷன் வந்ததாக வைத்துக்கொள்வோம். வரி 1,080 சேர்த்து 7,080 ஆகிவிடும். ஏஜெண்ட் சொல்லும் தொகை வரிக்கு முன்னா, பின்னா என்று கேளுங்கள்.

தனிப் பாலிசிக்கு வரி இல்லை. வேலை மாறினாலும் அது அவருடையது. ஆனால் ஏற்கனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கவேண்டி வரலாம். எல்லாக் கம்பெனியிலும் ஒரே விதிகளோடு கிடைக்கும் ஆரோக்ய சஞ்சீவனி என்ற பாலிசி 2020 ஏப்ரலில் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அது வசதி. விதி ஒன்று என்பதால் விலையை மட்டும் பார்த்தால் போதும். அதில் பில்லில் 5 சதவீதம் நாம் கட்டவேண்டும். அறை வாடகை பாலிசித் தொகையில் 2 சதவீதம்தான், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. 2 லட்சம் பாலிசி என்றால் நாள் ஒன்றுக்கு 4,000. அதைவிட அதிக வாடகை அறையில் படுத்தால் டாக்டர் கட்டணம் உட்பட மற்ற தொகையும் அதே விகிதத்தில் குறையும். ஏ.சி. அறை கேட்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

எந்தப் பாலிசியாக இருந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி எது? அறை வாடகைக்கு வரம்பு என்ன? பில்லில் நம் பங்கு எத்தனை சதவீதம்? காத்திருப்புக் காலம் எவ்வளவு? பாலிசி கைக்கு வந்தபின் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

கணக்கு எழுதுபவன் என்ற முறையில் இன்னொன்று. ஊழியருக்காக நீங்கள் கட்டும் மருத்துவப் பிரீமியத்தை வியாபாரச் செலவாக வருமான வரியில் கழிக்கலாம். ஆனால் ரொக்கமாகக் கட்டக்கூடாது. வங்கி வழியாகக் கட்டுங்கள்.

இவை எதுவும் இப்போது முடியாது என்பவர் இதையாவது செய்யுங்கள். வங்கிக் கணக்கு உள்ள எல்லோரையும் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் சேருங்கள். 18 முதல் 70 வயது வரை, ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஆறு பேருக்கு ஆண்டுக்கு 120 ரூபாய். இது மருத்துவச் செலவுக்கு அல்ல, விபத்துக்கு மட்டும். ஆனால் 120 ரூபாய் இல்லை என்று சொல்லக்கூடிய கடை நம் ஊரில் இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இன்சூரன்ஸ் கூடுமா என்ற கேள்வி உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தெரிந்த செய்தியை மட்டும் சொல்கிறேன். 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிக நோக்கில் நடக்கும் காப்பீட்டை ஏற்கவில்லை. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறைக் காப்பீட்டை ஏற்றது. மலேசியா 1984-லேயே அந்த அடிப்படையில் தகாஃபுல் சட்டம் கொண்டுவந்தது. பக்கத்தில் இலங்கையில் 1999 முதல் அமானா தகாஃபுல் நடக்கிறது. நம் நாட்டில் அப்படி உரிமம் பெற்ற கம்பெனி இல்லை.

எனவே உங்கள் ஆலிமிடம் கேட்கும்போது "இன்சூரன்ஸ் கூடுமா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். நாம் பணமே கட்டாத அரசுத் திட்டம் ஒன்று. லாப நோக்கில்லாமல் சட்டப்படி நடக்கும் இ.எஸ்.ஐ. இரண்டாவது. கம்பெனி விற்கும் பாலிசி மூன்றாவது. மூன்றும் ஒன்றல்ல. பதிலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அப்படிக் கேட்கும்போது, இப்போதைய வழியில் நகை வட்டிக்குப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

ஜகாத் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை செய்தவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல், நோய் வந்தபோது உதவியதை ஜகாத் கணக்கில் எழுதிக்கொள்வது சிலரிடம் பழக்கமாக இருக்கிறது. கூலிக்குப் பகரமாக ஜகாத் ஆகாது என்று உலமாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் கடமை தனி, நம் ஜகாத் தனி.

நம் பொதுநிதி எங்கே நிற்கவேண்டும்?

"அறக்கட்டளையே மாதம் இவ்வளவு என்று வசூலித்து, நோய் வந்தால் இவ்வளவு கொடுக்கலாமே" என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். நல்ல எண்ணம். ஆனால் சந்தா வாங்கிக்கொண்டு, இன்னது நடந்தால் இவ்வளவு தருவோம் என்று உறுதி கொடுப்பது இன்சூரன்ஸ் தொழில். 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. நன்கொடை வாங்கி, தேவை பார்த்து உதவலாம். கர்ளன் ஹஸனாக வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். உறுதிமொழி கொடுக்கக்கூடாது.

அப்படியானால் பொதுநிதிக்கு என்ன வேலை? மேலே சொன்ன திட்டங்கள் விட்டுவிடும் ஓட்டைகளை அடைக்கும் வேலை. சென்னைக்குப் போய்வரும் வண்டிச் செலவு. துணைக்கு இருப்பவரின் சாப்பாடு. பில்லில் நம் பங்கான 5 சதவீதம். வருமானச் சான்றுக்கு அலையும் விதவைத் தாய்க்கு ஒரு துணை. பொதுநிதி முழு பில்லையும் சுமந்தால் ஆண்டுக்கு நான்கு பேருக்கு உதவலாம். ஓட்டையை மட்டும் அடைத்தால் நாற்பது பேருக்கு உதவ முடியும்.

இது நம் ஊருக்குப் புதிதல்ல. ஏரி வாரியம் என்று ஒரு குழு வைத்து ஏரியைப் பொதுவில் பராமரித்த ஊர் இது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியில்லை என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்ட ஊரில், நம் பொதுநிதிக் கணக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படவேண்டும்.

இன்று வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

ஒன்று: வேலை செய்பவர்களின் பெயர், வயது, சம்பளம், குடும்பத்தார் விவரம் ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு முதலமைச்சர் திட்டக் கார்டு இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள்.

இரண்டு: பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் பதிவு இல்லையென்றால் உடனே பதியுங்கள். இது விருப்பம் அல்ல, சட்டம்.

மூன்று: பத்துப் பேருக்குக் குறைவாக உள்ளவர்கள் ஊழியர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். 90 ரூபாய் பிடித்தம் என்றால் முகம் சுளிக்கலாம். என்ன கிடைக்கும் என்று சொன்னபின் கேளுங்கள். பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டால் விண்ணப்பியுங்கள்.

நான்கு: பாலிசிதான் என்று முடிவு செய்தால் குறைந்தது மூன்று கம்பெனியில் எழுத்தில் கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுங்கள். விபத்துப் பொறுப்புப் பாலிசியைத் தனியாகக் கேளுங்கள்.

நம் கடையைத் திறப்பவர் அவர், மூடுபவர் அவர். நாம் ஹஜ்ஜுக்குப் போனபோது கல்லாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். அவர் நோயில் விழும் நாளில் என்ன செய்வது என்பதை அவர் நன்றாக இருக்கும் நாளிலேயே முடிவு செய்துவிடுவோம். ஒரு நாளைக்குப் பதின்மூன்று ரூபாய்தான் கணக்கு. அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம்மை நம்பி உழைப்பவர்களுக்கு ஆஃபியத்தையும் தருவானாக. ஆமீன்.

கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கடையில் இருவர் வெளி மாநிலத்தவர். அவர்களையும் சேர்க்கவேண்டுமா?

பதில்: இ.எஸ்.ஐ. ஊர் பார்ப்பதில்லை. சம்பளம் 21,000-க்குள் இருந்தால் அவர்களும் வருவார்கள். ஊரில் இருக்கும் அவர்கள் குடும்பமும் அங்குள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். குடும்ப விவரத்தைப் பதியும்போதே சரியாகக் கொடுங்கள்.

கேள்வி: கடை முதலாளியான எனக்கு இ.எஸ்.ஐ. உண்டா?

பதில்: கிடையாது. அது சம்பளம் வாங்குபவருக்கு. சொந்தக் கடைக்காரர் வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் திட்டம், இல்லையென்றால் வரியில்லாத குடும்பப் பாலிசி பற்றி யோசிக்கலாம்.

கேள்வி (ஒரு சகோதரி): நாங்கள் நான்கு பெண்கள் வீட்டிலிருந்தே ஜவுளிக் கடைக்குத் தைத்துக் கொடுக்கிறோம். எங்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லை.

பதில்: நீங்கள் அமைப்புசாராத் தொழிலாளர்கள். தொழிலாளர் துறையின் தையல் தொழிலாளர் நலவாரியத்தில் பதியுங்கள். பிள்ளைகள் கல்விக்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் உதவித்தொகை உண்டு. இ-ஷ்ரம் பதிவும் செய்துவிடுங்கள். மருத்துவத்துக்கு முதலமைச்சர் திட்டம்தான் உங்களுக்கு முதல் வழி.

கேள்வி: பள்ளிவாசல் இமாம், முஅத்தின், மதரஸா உஸ்தாதுகளுக்கு?

பதில்: நல்ல கேள்வி. நாமும் முதலாளிகள்தான் என்பதை ஜமாஅத் மறந்துவிடக்கூடாது. 2009-ல் தொடங்கிய உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நலவாரியத்தில் அவர்களைப் பதிந்திருக்கிறோமா என்று இந்த வாரமே பாருங்கள். மருத்துவத்துக்கு மேலே சொன்ன வழிகளில் எது பொருந்தும் என்பதை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கம்பெனி பணம் தர மறுத்தால்?

பதில்: முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போகவேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. பாலிசி, பில், மறுப்புக் கடிதம் மூன்றும் கையில் இருக்கவேண்டும். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.